மூன்று அறையிலும் கொம்பியூட்டர்

"மாமாங்கேஸ்வரர் மேல சத்தியம் மாமி. மூண்டு அறையிலயும் கொம்பியூட்டர் இரிக்கி. வந்து பாருங்க."

யோகராசா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆரையம்பதியில் அவன் வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்திய வீட்டில் மூன்று அறைகள் இருந்தன. கொம்பியூட்டரும் இருந்தது. ஒன்று.

சண்டைக்காலம். அந்த ஒன்றையும் கொழும்பிலிருந்து கொண்டுவரும்போது வழிநெடுகச் சோதனைச் சென்றிகளில் ஆமிக்காரர் கழற்றிப் பார்த்து, உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை என்று கண்டபிறகுதான் விட்டார்கள். அதைப் பழுதுபார்க்கும் காத்தான்குடி ஹலீமும் அதையேதான் சொல்லிவந்தான்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு வரும். மாப்பிள்ளையோடு வரவேண்டியது தொழில். சீதேவிப்பிள்ளை தன் மகளுக்குக் கொடுக்கும் வீட்டை யோகராசா போன கிழமை பார்த்துவிட்டான். அறைக்கு அறை தேக்கு அலுமாரி. ஒரு அறை பார்த்து முடிய விறாந்தையில் தேத்தண்ணி. அடுத்த அறை முடியப் பலகாரம். அந்த உபசாரத்திலேயே அவன் பாதி மருமகனாகிவிட்டான். இனி மாமி வந்து வகுப்பைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஒன்றை மூன்றாகக் காட்டவேண்டும் என்று யோகராசா வந்து பதறியும் ஹலீம் அசையவில்லை.

"உன்ர மெஷின் எப்படி ஓடுது மச்சான்? மெமரி சின்னன், புரோகிராம் பெரிசு. முழுசும் உள்ளுக்கு வராது. இப்ப ஓடத் தேவையான பக்கம் மட்டும் வரும், மிச்சம் டிஸ்க்கில கிடக்கும். இடம் காணாட்டி, பார்த்து முடிஞ்ச பக்கத்தை வெளியால போட்டுட்டு அடுத்ததை ஏத்தும். புரோகிராம் பாவம், முழு மெமரியும் தன்ர எண்டு நினைச்சு ஓடும். மாமிதான் புரோகிராம். நீ விறாந்தையில தேத்தண்ணியைக் குடு."

"மறுகா அவ திரும்பிப் பழைய அறையைக் கேட்டா?"

"அப்பவும் புரோகிராமை நிப்பாட்டி வச்சுப்போட்டுத்தான் பக்கத்தைக் கொண்டு வரும். நிண்டது அதுக்குத் தெரியாது."

சீதேவிப்பிள்ளை வந்தா. முதல் அறையில் நீலத் துணி போர்த்திய கொம்பியூட்டர். தேத்தண்ணி. இரண்டாம் அறையில் சிவப்புத் துணி போர்த்தியது. பலகாரம். ஹலீமும் தம்பி பாறூக்கும் பின்வளவால் மூச்சுவாங்கச் சுமந்தார்கள். மூன்றாம் அறையில் பச்சைத் துணியைக் கண்டதும் மாமியின் முகம் மலர்ந்தது. விறாந்தைக்கு வந்தவ நின்றா.

"குடையை முதல் அறையில வச்சிட்டன்."

யோகராசா வாசலை மறித்தான். "இன்னொரு பலகாரம் சாப்பிடுங்க மாமி." பின்பக்கம் எதுவோ படியில் இடித்தது. பாறூக் அல்லாஹ்வை அழைப்பது தெளிவாகக் கேட்டது. யோகராசாவுக்குக் கலியாணம் படியில் இடிபட்டது போலவே இருந்தது.

சீதேவிப்பிள்ளை திரும்பவும் கதிரையில் உட்கார்ந்து ஒரு பலகாரத்தைக் கையில் எடுத்தா.

"அந்தப் புள்ளைகளை ஆறுதலாத் தூக்கச் சொல்லுங்க மனே. நீங்க வீடு பார்க்க வந்த அண்டைக்கு எங்கட ஒத்த அலுமாரியையும் இப்படி அந்தரப்பட்டுத் தூக்கித்தான் அதுட கால் முறிஞ்சு போச்சு."