பாலத்துக்கு இந்தப் பக்கம்

"அக்கா, பாலத்தைத் தாண்டினதும் சின்னவன் வாந்தி எடுத்துட்டான். நிறுத்தித் துடைச்சேன். இப்போ டயர் வேற பஞ்சர். ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல."

"பிள்ளையைத் திட்டாதடா. மாமா அவங்களுக்காக ஊஞ்சல்கூடக் கட்டி வெச்சிருக்கார்."

அவன் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கட்டிப்புரண்டு சண்டை போட்டார்கள். "அப்பா, இவ என்னைக் கடிச்சுட்டா."

"சும்மா இருங்கடா, அத்தைகிட்டப் பேசறேன்ல. அக்கா, பேசாம திரும்பிடலாம்னு பாக்கறேன். அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றோம்."

"இரு, மாமாகிட்டச் சொல்றேன்" என்று அக்கா போனை வைத்தாள்.

அவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டான். மனைவி காபியை நீட்டினாள். "இன்ஜின்ல புகைன்னு சொல்லலையா?"

"அது போன லீவுக்குச் சொன்னது."

வாசலில் கார், போர்வையைப் போர்த்திக்கொண்டு அவனைப் போலவே ஓய்வில் இருந்தது. காபி ஆறுவதற்குள் அக்கா மறுபடி அழைத்தாள்.

"மாமா எங்க வண்டி ஸ்டெப்னியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார்டா. கண் ஆபரேஷன் பண்ணினவர், வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்கன்னு ஒரே பிடிவாதம். அவசரத்துல போனையும் வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டார். உங்களைப் பாத்ததும் கூப்பிடச் சொல்லு."

மாமா ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மங்கிய கண்ணால் தன்னைத் தேடுவது அவன் கண்முன் தெரிந்தது. எழுந்து, பிள்ளைகளைச் செருப்புகூட இல்லாமல் தூக்கிக் காரில் போட்டான்.

"எங்கப்பா போறோம்?"

"பஞ்சரான இடத்துக்கும்மா."