கேரியரில் கட்டிய ஜாடி

"யாரக் கேட்டு அந்த பீங்கான் ஜாடிய எடுத்துக்கினு போன?" விருத்தாசலத்திலிருந்து போனில் கத்தினார் தங்கராசு.

"அம்மா ஊறுகா போட்ட ஜாடிப்பா. எனக்கும் பங்கிருக்குது," என்றாள் மகள் பிரபா. தனியாக சைக்கிளில் கல்வராயன்மலை ஏறியதில் மூச்சு வாங்கியது.

"மலை ரோட்டுல ஒடைஞ்சா?"

"நீங்க சூளையில சுட்டதுதான, ஒடையாது."

தூறலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தாள். விருத்தாசலத்தில் ஓடும் மணிமுத்தாறு அந்த மலையில்தான் பிறக்கிறது.

அப்பா கத்துவதை நிறுத்தினார். "ஊரு உலகமே நம்ம ஆத்துல வந்து அஸ்தி கரைக்குதேம்மா."

"அங்க வெறும் மணலுதாம்பா கெடக்குது. இங்க கரைச்சா, தண்ணி வர்றப்ப அம்மாவும் நம்மூருக்கு வந்துடுவாங்க. படித்துறையில போய் நில்லுங்க."

ஜாடியைக் கவிழ்த்தாள். சாம்பல் ஓடையோடு போனது.

பிரபா செய்தது சரிதானா? உங்க வீட்டுல என்ன செஞ்சிருப்பீங்க? மறக்காம பதில் எழுதுங்க.