கேப்டன் இமையனின் பெட்டி

"கேப்டனைக் கொல்லப் போறீங்களா, இல்லையா சார்? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் அரியலூர் பஸ்ஸைப் புடிக்கணும்."

மாடிப்படி ஏறி வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. கீழே உரக்கடை, மேலே ராஜராஜனின் அறை. பெரம்பலூரில் யூரியா வாசத்துக்கு நடுவே விஞ்ஞானக் கதை எழுதுகிற ஒரே ஆள் அவன்தான்; போட்டிக்கு இதுவரை யாரும் வரவில்லை.

"உள்ள வாங்கம்மா. நீங்க யாரு?"

"ஜானகிங்க. உங்க 'வான்கலம்' தொடரை எம்பொண்ணு கவியா போன்ல ஒண்ணு விடாம கேக்குது. காதுல விழுந்து விழுந்து எனக்கும் மனப்பாடம். அதை எழுதுறவரு மாடியிலதான் இருக்காருன்னு உரக்கடை செல்லதுரை அண்ணன் சொன்னாரு."

ராஜராஜனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன வாரப் பகுதியில், தொடரின் நாயகன் கேப்டன் இமையனின் உடல் என்று சொல்லி மூடிய பெட்டி ஒன்று பூமியில் வந்து இறங்கியிருந்தது. அன்றிலிருந்து நேயர்கள் போன் போட்டு அழுகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது யார் என்று சொல்லும் பகுதியை இன்று சாயங்காலத்துக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எழுதியும் முடித்துவிட்டான். உள்ளே இருப்பது கேப்டனின் டூப்பு. வேறு யாராக இருக்க முடியும்? கேப்டன் போனால் தொடர் போச்சு. தொடர் போனால், அவன் கீழே இறங்கிப் போய் உர மூட்டை தூக்க வேண்டியதுதான்.

"கவலைப்படாதீங்கம்மா." குரலைத் தாழ்த்தினான். "வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. கேப்டன் சாகல."

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தான். அது இன்னும் வாடிப்போனது.

"நெனச்சேன். டூப்புதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதுல கண்டுபிடிக்க என்ன சார் இருக்கு? வருசக்கணக்கா இதைத்தானே செய்யறீங்க. மொத தடவை செத்தப்ப பெட்டியில டூப்பு. அடுத்த தடவை டைம் மிஷின்ல போயி, சாவறதுக்கு முந்தின நாள்லேருந்து கூட்டியாந்தீங்க. அப்புறம் ரெட்டைப் பொறவி. அப்புறம் எல்லாமே கனவு. இப்ப மறுபடியும் பெட்டி, மறுபடியும் டூப்பு."

"நடுவுல ஒரு தடவை பச்சை மருந்து குடுத்து எழுப்பினேனே" என்றான் ராஜராஜன், மிச்சமிருந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும் விதமாக.

"அந்த மருந்தை அதுக்கப்புறம் யாருக்குமே குடுக்கலையே. எங்க வெச்சாங்கன்னு மறந்துட்டாங்களா?"

மறந்தது அவர்கள் இல்லை, அவன்தான். தலையைச் சொறிந்துகொண்டான்.

"குண்டு எப்பவும் கடைசி செகண்டுலதான் நிக்கிது. ரோபோ எப்பவும் கடைசியில அழுவுது. எந்தக் கெரகத்துல எறங்கினாலும் அங்க இருக்கறவங்க தமிழ் பேசுறாங்க."

"என்ன பண்றது, கேப்டனுக்கு வேற பாஷை தெரியாதும்மா."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் காலையிலிருந்து பெய்யவும் மாட்டாமல் வெளுக்கவும் மாட்டாமல் இருட்டிக் கிடந்தது.

போன் அடித்தது. சென்னையிலிருந்து தயாரிப்பாளர் மணிமாறன். "என்ன சார், இன்னும் வரலையே? டூப்புதானே? அப்ப பழைய அழுகை மியூசிக்கையே போட்டுடறேன். புதுசா வேணாம்."

"அனுப்பிடறேன் சார்" என்று வைத்தான்.

ஜானகி மேஜையருகே வந்து நின்றாள். "அனுப்பாதீங்க. குண்டு, ரோபோ எல்லாம் நீங்க எப்படி வேணா வெச்சுக்குங்க, நான் கேக்கல. இந்தத் தடவை அந்தப் பெட்டியைத் தொறந்து காட்டுங்க. உள்ள கேப்டன்தான் இருக்கணும். நெசமாவே செத்திருக்கணும்."

கேப்டனைக் காப்பாற்றச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். கொல்லச் சொல்லி பஸ் ஏறி வந்தவள் இவள் ஒருத்திதான். ராஜராஜன் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

"பொண்ணு படிக்காம இதையே கேட்டுக்கிட்டுக் கெடக்கா? அந்தக் கோவமா?"

"நல்லாப் படிக்கும் சார். அதுல ஒரு கொறையும் இல்ல."

"அப்ப அதுக்கு ஒரு போன் போடுங்க. 'கேப்டன் வந்துடுவாரு பாப்பா'ன்னு நானே சொல்றேன். புள்ள சந்தோசப்படும்ல?"

நிஜமாகவே ஆசையாகத்தான் சொன்னான். அவனுக்கு இதுவரை கிடைத்த ஒரே விருது, போனில் குழந்தைகள் போடும் கூச்சல்.

"ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க சார்!" ஜானகி சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க காலுல வேணாலும் விழறேன்."

அவன் பதறி எழுந்தான். "என்னம்மா இது? அந்தாளு மேல உங்களுக்கு அப்படி என்ன வெறுப்பு?"

"வெறுப்பா? எனக்கும் அவரைப் புடிக்கும் சார்." சொம்பை எடுத்தாள், குடிக்காமலே திரும்ப வைத்தாள்.

"போன தையில எங்க வூட்டுக்காரரை துபாய்லேருந்து பெட்டியில அனுப்புனாங்க. தீயில போன உசுரு, தொறக்க வேணாம்னுட்டாங்க. மூடினபடியே அடக்கம் பண்ணிட்டோம். கவியா இன்னி வரைக்கும் ஒரு சொட்டு அழுவல சார். 'பெட்டியில இருந்தது டூப்பும்மா, அப்பா வந்துடுவாரு'ங்குது."