ஏழாவது கையெழுத்து

“எங்கே உன் அட்டை?”

சண்டே ஸ்கூல் டீச்சர் கேட்டது வேறு யாரையும் இல்லை, தன் சொந்த மகளைத்தான்.

ஒன்பது வயது மகள் பைக்குள் கைவிட்டுத் துழாவி, அட்டையை எடுத்து நீட்டினாள். ஏழு கட்டம். ஏழும் காலி.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

போன ஞாயிறு பாடம், ‘நாம் பிறருக்கு ஆசீர்வாதமாக இருக்க வேண்டும்’ என்பது. பாடத்தோடு விட்டிருந்தால் வம்பில்லை. வார நாட்களில் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிற டீச்சருக்குக் கையெழுத்து இல்லாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிட்டாள். ஏழு பேருக்கு உதவி, அந்த ஏழு பேரின் கையெழுத்து. ஒரே ஆள் இரண்டு தடவை போடக் கூடாது. வீட்டு ஆள் போட்டால் செல்லாது. அட்டை நிரம்பினால்தான் சனிக்கிழமை பிக்னிக்.

பன்னிரண்டு பிள்ளைகளும் தெருவில் இறங்கிவிட்டார்கள். தெருக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தபால்காரர் பையை நாலு பேர் நாலு பக்கம் இழுத்தார்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, ரோட்டைக் கடத்தி விட்டார்கள். அவர் திரும்பி வந்தார். இந்தப் பக்கம் காத்திருந்த அடுத்த கோஷ்டி, மறுபடியும் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது. வியாழக்கிழமையிலிருந்து பிள்ளைகள் தலை தெரிந்தாலே பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“ஒரு வாரம் முழுக்க என்னடி பண்ணிட்டிருந்தே? ஒருத்தருக்குக்கூட உதவி செய்யத் தோணலையா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின் பெஞ்சில் பாஸ்டரம்மா வேறு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு மானமே போகிற மாதிரி இருந்தது.

“பிக்னிக் கிடையாது. டீச்சர் பொண்ணுன்னு விதியை மாத்த முடியாது. போய் ஓரமா நில்லு.”

மகள் போய் நின்றாள். அழவில்லை.

டீச்சர் மற்ற அட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். முதல் அட்டையில் ஏழு கையெழுத்தும் இருந்தன. ஏழாவது, கோணல்மாணலாக, நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

“இது என் பொண்ணு கையெழுத்தாச்சே? அவளுக்கு என்ன செஞ்சே?”

“பென்சில் முனை உடைஞ்சுடுச்சுன்னா டீச்சர். சீவிக் குடுத்தேன்.”

சரி, போகட்டும். அடுத்த அட்டை. அதிலும் ஏழாவது மகள்தான்.

“குடையை விரிக்க வரலைன்னா டீச்சர். விரிச்சுக் குடுத்தேன்.”

“மழையே பெய்யலையேடா!”

“ஆமா டீச்சர். ஆனா விரிக்கணும்னா.”

மூன்றாவது அட்டை.

“மாடிப்படி ஏற பயமா இருக்குன்னா. கையைப் பிடிச்சு ஏத்தி விட்டேன்.”

“பயமா? தினமும் ரெண்டு ரெண்டு படியாத் தாவறவளுக்கா?”

பத்து அட்டை முடிந்தது. பத்திலும் ஏழாவது கையெழுத்து மகளுடையது. டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. பாஸ்டரம்மா இருப்பதையும் மறந்து மகளைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ யாருக்கும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலை. ஆனா இருக்கிற பிள்ளைங்க அத்தனை பேர்கிட்டேயும் வேலை வாங்கியிருக்கே! சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேணாம்?”

கடைசி அட்டை, எல்லாரும் ‘பட்டாணி’ என்று கூப்பிடுகிற குட்டியுடையது. வகுப்பிலேயே சின்னவள், ஐந்து வயது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“நான் அக்காவுக்கு ஷூ லேஸ் கட்டி விட்டேன் டீச்சர்!”

“உனக்குத்தான் லேஸ் கட்டவே தெரியாதே?”

“தெரியாது. அக்காதான் நேத்து சாயங்காலம் பூரா உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. நான் கத்துக்கிட்டதும் அவங்க லேஸை அவங்களே அவுத்துட்டு, ‘ஐயோ, லேஸ் அவுந்துடுச்சே, யாராவது கட்டி விடுங்களேன்’னு கத்தினாங்க. நான் ஓடிப் போய்க் கட்டினேன்!”

வகுப்பு சிரித்தது. பாஸ்டரம்மாவும் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த பதினோரு அட்டைகளையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஓரத்தில் நின்ற மகளிடம் போனாள்.

“ஏண்டி இப்படிப் பண்ணினே?”

“எல்லாருக்கும் ஆறோட நின்னுபோச்சும்மா. ஏழாவதுக்கு ஆளே கிடைக்கலை. நமக்குள்ளேயே செஞ்சுக்கலாம்னு சொன்னேன். ‘எனக்கு எதுக்கு உதவி? நான்தான் செய்வேன்’னு ஒருத்தருக்கொருத்தர் ஒரே சண்டை. பட்டாணி அழ ஆரம்பிச்சுட்டா.”

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை பஸ்ஸில முதல் சீட் உனக்குத்தான். அது சரி, உன் அட்டையில ஒரு கையெழுத்தாவது வாங்கியிருக்கலாமேடி?”

“எங்கேம்மா நேரம்? பதினோரு பேரும் வந்து உதவணும்னா, நான் பதினோரு தடவை கஷ்டப்பட வேணாமா?”