கோட்டை தெரியாத அறை

ராஜாக்கள் வாழ்ந்த அந்த ஊரில் விடுதி நடத்தும் மேனேஜருக்கு இப்படியொரு ஆள் இதுவரை வாய்த்ததில்லை.

“ஜன்னலைத் திறந்தா கோட்டை அப்படியே கண்ணு முன்னால தெரியும் சார்!”

“ஐயோ, வேண்டவே வேண்டாம். வெறும் சுவர் தெரியற ரூமா குடுங்க.”

“சுத்திக் காட்ட ஆள் ஏற்பாடு பண்ணட்டுமா?”

“எதுவும் வேண்டாம். பாத்ரூம் வாசல்ல வரிசை நிக்கக்கூடாது. கட்டில்ல நான் மட்டும்தான் படுக்கணும். அது போதும்.”

கோட்டையைப் பார்க்கப் பிடிக்காதவர் இங்கே எதற்கு வந்தார்? மேனேஜர் தலையைச் சொறிந்தபடி பதிவேட்டை நீட்டினார். அவர் எழுதிய முகவரியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது.

“கோட்டைக்கு எதிர்வீடா? பத்து நிமிஷ நடைதானே சார்!”

“கோட்டையைப் பாக்க சொந்தக்காரங்க பதினாலு பேர் வந்து இறங்கிட்டாங்க. காலையில ஆபீஸ் போனவன், அவசரமா வெளியூர் போறேன்னு வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன். என் வீட்டுக்காரி சமாளிச்சுக்குவா.”

மேனேஜர் பதிவேட்டின் முந்தைய வரியைத் தொட்டுக் காட்டினார்.

“மத்தியானம் இதே முகவரியில இருந்து ஒரு அம்மா வந்தாங்க. அவங்களும் சுவர் தெரியற ரூம்தான் கேட்டாங்க!”

ஈரத்தலையைத் துவட்டியபடி மாடிப்படியில் இறங்கி வந்த மனைவி, அவரைக் கண்டதும் அலறினாள்.

“அடக் கடவுளே! நீங்களும் இங்க வந்துட்டா, வீட்டுல அவங்களை யாருங்க கவனிக்கிறது?”