கதாநாயகன் பார்ட்

“பேரு போடல பாத்தியா? பேரு போடக்கூட தைரியமில்லாத பயகூட ஓடப் போறா உன் பொண்ணு!”

கோவிந்தராஜ் காகிதத்தை மனைவியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். சுரங்கத்தில் இரண்டு மணி ஷிப்டுக்கு மூக்குப்பொடி மடித்துக்கொள்ளத் துண்டுக் காகிதம் தேடியவர், மகளுடைய ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்திலிருந்து அதை எடுத்திருந்தார்.

மறுபடியும் உரக்கப் படித்தார். “‘புதன்கிழமை அவர் ஷிப்டுக்குப் போனதும் கிளம்பி வா. இரண்டு புடவை போதும். பங்காருபேட்டை ஸ்டேஷனில் நிற்கிறேன். இனி யாருக்கும் நீ பயப்பட வேண்டாம்.’ இன்னிக்கு இன்னா கெழம?”

“புதன்,” என்றாள் அம்சவேணி, சுவரோடு ஒட்டிக்கொண்டு. “சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இந்தக் காகிதத்த நான் பாத்ததே இல்ல.”

“அப்ப காத்துல பறந்து வந்து உன் புக்குல பூந்துக்கிச்சா? போதும் நீ படிச்சி டீச்சரானது! ஷிப்டு போனா போவட்டும். இப்பவே பூதிகோட்டை பஸ் ஏறுறோம். எங்கக்கா பையன் தாலி கட்டட்டும்.”

கணவருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்த மணியம்மாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“அட, இது பார்ட்டுங்க.”

“இன்னா பார்ட்டு?”

“நாடகப் பார்ட்டு. வர்ற மாசம் இவ பள்ளிக்கூடத்துல நாடகம். சொன்னா நீங்க அடிப்பீங்கன்னு தெரியாதுன்றா.”

“பார்ட்டுன்னா வேஷம்டி. ராஜபார்ட்டுன்னா ராஜா வேஷம். எனக்குத் தெரியாதா?”

“வேஷம்லாம் அப்புறம் வந்தது. எங்கப்பா இருபது வருசம் நாடகக் கம்பெனியில ஹார்மோனியம் வாசிச்சவரு. முழு நாடகத்தையும் எந்த மொதலாளி கையில குடுப்பான்? வேற கம்பெனிக்காரன் தூக்கினு போயிட்டா? அவனவன் பேசுறத மட்டும் துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுப்பாங்க. வெள்ளக்காரன் நாடகத்துல அந்தக் காகிதத்துக்குத்தான் பார்ட்டுன்னு பேரு. ராஜா பேசுற காகிதம் ராஜபார்ட்டு, பொம்பள பேசுறது ஸ்திரீபார்ட்டு. போவப் போவ ஆளுக்கே அந்தப் பேரு வந்துட்சி. பார்ட்டுல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?”

கோவிந்தராஜ் வாசல்வரை போய்த் திரும்பினார். தெருவில் ஆட்கள் சுரங்க ஷாஃப்ட் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“இது ஆம்பள பேசுறது. இவகிட்ட எப்பிடி வந்துச்சி?”

“பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல கதாநாயகனுக்கு எங்க போறது? உங்க பொண்ணுதான் மீசை வெச்சிகினு பேசப் போறா.”

அவர் முகம் சற்று இளகியது. ஆனாலும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்ப பேசணும்னு இவளுக்கு எப்பிடித் தெரியும்?”

“முன்னாடி பேசினவங்களோட கடைசி ரெண்டு வார்த்தைய மேல எழுதியிருப்பாங்க.”

“மேல ஒண்ணையும் காணமே?”

மணியம்மாளின் விரல்கள் முந்தானையை முறுக்கின. “இது மொதல் சீனு. இவதான் ஆரம்பிக்கணும்.”

“எடுத்த எடுப்புலயே ஓட்டமா? கடவுள் வாழ்த்துகூட கெடையாதா?”

“இப்பல்லாம் அத யாருங்க கேக்கறாங்க?”

சுரங்கத்தின் சங்கு ஊதியது. கோவிந்தராஜ் சிரித்துவிட்டார். காகிதத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டார்.

“மீசைய சின்னதா வெச்சிக்கோ வேணி, உங்கம்மா பயந்துடப் போறா. சுரங்கத்துக்குள்ள கேஜுல எறங்கும்போது எங்கூட வேல பாக்குற ஆர்தரக் கேக்கணும், பார்ட்டுன்னா இன்னான்னு. வெள்ளக்காரன் பேர வெச்சிகினு எந்நேரமும் இங்கிலீஷ்ல அளக்கறான்.”

அவர் தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்ற மணியம்மாள், உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

அம்சவேணி தேம்பினாள். “எங்க பள்ளிக்கூடத்துல நாடகமே இல்லியேம்மா. நீயும் என்ன நம்பலியா? அது என் கடுதாசி இல்ல.”

“தெரியும்டி. அவரு தொடமாட்டாருன்னு உன் புக்குல வெச்சதே நான்தான். அது எனக்கு வந்தது,” என்ற மணியம்மாள், மகளின் முகத்தைத் துடைத்தாள். “நீயும் வரியா?”