சாருக்கு எரியாத விளக்கு

"இருட்டை வென்றவனே மனிதன்" என்று குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் முழங்கிய கஸ்தூரிரங்கன், மறுநாள் மாலை சொந்த வீட்டு வாசலில் இருட்டில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

சைக்கிளில் வந்த தாவீது பதறிப்போய்க் காலை ஊன்றினார். "இன்னா சார், எவனாவது கத்தி காட்டறானா?"

"விளக்கைச் சோதிக்கிறேன்," என்றார் கஸ்தூரிரங்கன், கைகளை இறக்காமல்.

மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விளக்கு அது. போர்ட்டிகோவுக்கு மேலே மாட்டியிருந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாகவே எரியும். பூக்காரிக்கு எரிந்தது, பூனைக்கு எரிந்தது, வேலி தாண்டி வந்த மாட்டுக்குக்கூட எரிந்தது. வீட்டுக்காரர் வந்தால் மட்டும் எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செங்கல்பட்டு ஏரிக்கரைக் குடியிருப்பே இந்த விளக்கைப் பார்க்க வரப்போகிறது. எல்லா வீட்டிலும் இதையே மாட்டவேண்டும் என்று தீர்மானம் போடப்போவதாக அவர் அறிவித்துவிட்டார். சங்கத் தலைவரையே கண்டுகொள்ளாத விளக்கை வைத்துக்கொண்டு என்ன தீர்மானம் போடுவது?

அவர் அறிவித்தது நடக்காமல் போனதில்லை. போன வருஷம், "சீரியல்தான் குடும்பத்தைக் கெடுக்கிறது" என்று ஆண்களைக் கூட்டிப் பேசி, தெருவில் ஒரு வீடு விடாமல் கேபிளைத் துண்டிக்க வைத்தார். நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு இருந்ததால், தன் வீட்டில் மட்டும் செய்திக்காக விட்டுவைத்தார்.

"நீ நடந்து வர்ற ஜோருக்கு, ஏதோ தூணு நிக்குதுன்னு நெனச்சிக்கும் சார் அது," என்று சொல்லிவிட்டு தாவீது சைக்கிளை மிதித்தார்.

தாவீது போய்விட்டார். ஆனால் விஷயம் கேள்விப்பட்டு, சற்று நேரத்தில் அவர் மனைவி ஜாக்குலின் ஏணியோடு வந்தாள். பின்னாலேயே டார்ச்சுடன் பொன்னி, ஸ்க்ரூ டிரைவருடன் அமிர்தவல்லி. கஸ்தூரிரங்கன் கூப்பிட்டால் கூட்டத்துக்கே வராத அக்கம்பக்கத்துப் பெண்கள்.

"வேற எவனுக்கும் எரியலன்னாலும் பரவால்ல," என்றாள் பொன்னி. "சாருக்கு எரியணும். நேத்து மாட்டுக்கு எரிஞ்சி, நாங்க வீணா பேஜாராயிட்டோம்."

ஜாக்குலினுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

கஸ்தூரிரங்கன் நெகிழ்ந்துபோனார். தெருக்கோடியில் இருக்கும் தன் வீட்டு விளக்கைத் தெருவே கவனித்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர்தான் விழிப்புணர்வு.

விளக்கோடு வந்த காகிதத்தை அவர் மனைவி காமு விரித்துப் படித்தாள். "ஏன்னா, நேரா அதைப் பார்த்து நடந்தா அதுக்குச் சட்டுனு தெரியாதாம். குறுக்கே போனாத்தான் கண்டுபிடிக்குமாம்."

"நான் என்னிக்குடி குறுக்கு வழியில போயிருக்கேன்?"

"அதான் எரியலைபோல இருக்கு," என்றாள் காமு.

மற்றவர்கள் வெவ்வேறு பக்கமிருந்து நுழைந்து, வளைந்து நெளிந்து போனார்கள். அவர் மட்டும்தான் கேட்டைத் திறந்து, நடுப்பாதையில், மேடைக்குப் போவதுபோல மெதுவாக, நேராக விளக்கைப் பார்த்து நடந்தார்.

ஜாக்குலின் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, விளக்கின் அடியில், ஆள் வருவதைக் கண்டுபிடிக்கும் உருண்டையைப் பக்கவாட்டில் திருப்பினாள். "இப்ப நடங்க சார்."

நடந்தார். வாசற்படியில் கால் வைக்கும்போது பளிச்சென்று எரிந்தது. "பார்த்தேளா!" என்று கை தட்டினார்.

பெண்கள் யாரும் தட்டவில்லை.

"படிக்கட்டுக்கு வந்தப்புறம் எரிஞ்சி இன்னாத்துக்கு ஆவறது?" என்றாள் அமிர்தவல்லி. "தெருவுல, காம்பவுண்டு ஓரமா வரும்போதே எரியணும்."

"அவ்வளவு முன்னாடியேவா?"

"திருடன் உள்ள வந்தப்புறம் எரிஞ்சா பிரயோஜனம் இல்லையே சார்," என்றாள் ஜாக்குலின், ஏணி உச்சியிலிருந்து.

நியாயம்தான் என்று பட்டது. உருண்டையை இன்னும் தெருப்பக்கமாகத் திருப்பினார்கள், தூரத்தைக் கூட்டும் திருகை முழுக்க முறுக்கினார்கள், அவரைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டார்கள். கடைசியில், மதில் முனையில் அவர் தலை தெரிந்ததுமே வீட்டு முகப்பு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது, உடன் வந்த ஆண்களிடம் அவருக்கு இதைத் தவிர வேறு பேச்சில்லை. "சீரியலை நிறுத்தினோம். இன்னிக்குப் பெண்கள் ஏணி ஏறிப் பாதுகாப்பைப் பத்தி யோசிக்கிறா. இதுதான் மாற்றம்."

"எங்க வூட்ல இப்பல்லாம் டிவி பேச்சே கெடையாது சார்," என்று ஒத்துக்கொண்டார் தாவீது. "சாயந்தரமானா எங்கயோ பஜனைக்குப் போறா."

"பேஷ்," என்றார் கஸ்தூரிரங்கன்.

வீடு திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. மதில் முனையைத் தாண்டினார். விளக்கு எரிந்தது. தயங்காமல், நடுங்காமல், அவருக்காகவே எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் நின்று, மேல் துண்டைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகக் கேட்டை நோக்கி நடந்தார்.

உள்ளே கூடத்து ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது. சோபாவிலும் பாயிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஜாக்குலினும் பொன்னியும் அமிர்தவல்லியும் தெருவின் மற்ற பெண்களும், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

காமு ரிமோட்டை அமுக்கினாள்.

"நியூஸ் வெச்சுட்டேன், நீங்கள்லாம் கொல்லைப்பக்கமா கிளம்புங்கோ."